ஐந்தரைக்கு மேல்

1973-இல் பாரிஸில் சாந்தால் பிஸ்முத் என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். டிஜிடாக்சின் என்ற இதய மருந்தை அளவு மீறி உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்த 91 பேரைப் பற்றியது அது. வந்தபோது அவர்களுடைய ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருந்தது, அவர்களில் யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்று அருகருகே எழுதிப் பார்த்திருந்தார்கள். பொட்டாசியம் 5-க்குக் கீழே இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். 5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். 5.5-ஐத் தாண்டியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மருத்துவத்தில் இவ்வளவு கூர்மையான கோடு அபூர்வம். வயது, எடை, எவ்வளவு விழுங்கினார், எத்தனை மணிக்கு விழுங்கினார், வாந்தி எடுத்தாரா என்று ஆயிரம் கேள்விகள் இருக்கும்போது, ஒரு சொட்டு ரத்தத்தில் கிடைத்த ஒரே ஓர் எண் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு முடிவைச் சொன்னது. இந்த எண்ணைப் பற்றி முதன்முதலாகப் படித்த நாளிலிருந்து அது என்னை விட்டு அகலவில்லை.

ஏன் பொட்டாசியம்? உடலின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டிஜிடாக்சின் போன்ற டிஜிடாலிஸ் வகை விஷங்கள் இந்தப் பம்பைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. பம்பு நின்றால் உள்ளே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும். ஆகவே ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம், உடலில் எத்தனை பம்புகள் நின்றுபோயின என்பதன் கணக்கு. அந்த ஏற்றத்தை மட்டும் மருந்து கொடுத்து இறக்கிப் பார்த்தார்கள், பலன் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையோரக் கிணற்றில் நீர் ஏறும், கிணற்றை இறைத்தால் வெள்ளம் வடியுமா?

நம் வேலிகளில் பூக்கும் மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே குடும்பம்தான். 1980-களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி இலங்கையின் வட பகுதி மருத்துவமனைகளும், தமிழ்நாட்டின் பல மாவட்ட மருத்துவமனைகளும் இதை நன்றாக அறியும். பாரிஸ் கட்டுரையின் பொட்டாசியக் கோடு, அந்த வார்டுகளில் இரவுப் பணியில் நிற்கும் இளம் மருத்துவரின் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று.

ஆனால் கதை 1973-இல் நின்றுவிடவில்லை. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1976-இல், பாஸ்டனில் தாமஸ் ஸ்மித், எட்கர் ஹேபர் குழுவினர் ஆடுகளின் உடலில் உருவாக்கி எடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஒரு மனிதருக்கு ஏற்றினார்கள். அதே வகை மருந்தான டிஜாக்சினை ஏராளமாக விழுங்கியிருந்த அவருடைய இதயம் தடுமாறிக்கொண்டிருந்தது, பொட்டாசியம் கட்டுக்கு அடங்காமல் ஏறியிருந்தது. பாரிஸ் கணக்குப்படி அவர் இறந்திருக்க வேண்டும். அவர் பிழைத்தார். புரதம் விஷத்தைப் பம்பிலிருந்து பிடுங்கி எடுத்தது, பம்பு மறுபடி ஓடியது, பொட்டாசியம் தானாகவே இறங்கியது.

எண் அப்படியே பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதன் பொருள்தான் தலைகீழாகிவிட்டது. 1973-இல் 5.5 என்றால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்று அதே 5.5 என்றால் முறிவு மருந்தைத் தாமதிக்காமல் ஏற்று. ரத்தமும் மாறவில்லை, விஷமும் மாறவில்லை. கட்டிலுக்கு அருகில் நிற்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் மாறியது.

இங்கேதான் என் யோசனை திரும்புகிறது. அந்த 91 பேரின் ரத்தம் உடலுக்குள் போன நஞ்சை அளந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அளந்தது இன்னொன்றையும்: அந்த ஆண்டு, அந்த மருத்துவமனையில் எது இல்லை என்பதை.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. இலங்கையில் கண்கூடாக நடந்தது. மஞ்சள் அரளிக்கு இந்த முறிவு மருந்து வேலை செய்கிறதா என்று கொழும்பில் முறையாகச் சோதித்து, செய்கிறது என்று 2000-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். சில காலம் மருத்துவமனைகளில் மருந்து இருந்தது, மரணங்கள் குறைந்தன. 2002-இல் மருந்து கிடைக்காமல் போனது. அந்த நாட்டால் வாங்க முடியாத விலை. மரணங்கள் மறுபடி ஏறின. அதே கிராமங்கள், அதே விதை, அதே வார்டு, அதே மருத்துவர்கள். ஒரே பொட்டாசிய அளவோடு ஜூன் மாதம் வந்த ஒருவரும் அடுத்த ஜனவரி வந்த ஒருவரும் வேறு வேறு எதிர்காலத்தைச் சந்தித்தார்கள். வித்தியாசம் அவர்களுடைய ரத்தத்தில் இருக்கவில்லை.

*

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவர் பூச்சி மருந்து குடித்துவிட்டார் என்றால், பெரும்பாலும் அது ஆர்கனோபாஸ்பரஸ் என்ற பெரும் குடும்பத்தின் ஏதோ ஒரு மருந்தாக இருக்கும். நரம்பு தசைக்கு உத்தரவு சொல்லி முடித்ததும், அந்த உத்தரவைச் சுமந்து வந்த அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது, கோலினெஸ்டரேஸ். இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. உத்தரவு நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். எச்சில் பெருகும், நெஞ்சில் சளி நிறையும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடித்துப் பிறகு ஓயும், மூச்சு நிற்கும்.

ஆகவே ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் போதும், ஆள் தேறுவாரா என்று தெரிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போகப் போக இந்த எண் எவ்வளவு வழுக்கலானது என்று தெரிகிறது.

முதலில், சாதாரண ஆய்வகம் அளப்பது நரம்பில் வேலை செய்யும் நொதியை அல்ல. கல்லீரல் செய்து ரத்தநீரில் விடும் அதன் உறவுக்கார நொதியைத்தான் அளக்கிறார்கள், அதுதான் எளிது. சில பூச்சி மருந்துகள் இந்த உறவுக்காரனைக் கடுமையாக முடக்கும், நரம்பு நொதியை அவ்வளவாகத் தொடாது. வேறு சில நேர்மாறு. எந்த மருந்து என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால், பிழைக்கப் போகிறவரைப் பார்த்துக் கலங்குவோம், ஆபத்தில் இருப்பவரைப் பார்த்து நிம்மதி கொள்வோம். பிறவியிலேயே இந்த நொதி குறைவாக உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆரிய வைசிய சமூகத்தில் இது மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் ஒருவர் எந்த விஷத்தையும் தொடாமலேயே பரிசோதனைச் சீட்டில் நஞ்சுண்டவரைப் போலத் தெரியலாம். சிவப்பணுக்களின் மேல் இருக்கும் நொதி நரம்பில் இருப்பதோடு நெருக்கமானது. ஆனால் அதை அளக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை.

இன்னொரு விஷயம் என்னை உண்மையிலேயே நிறுத்தி வைத்தது. நோயாளியின் கையிலிருந்து ரத்தத்தை எடுத்துக் குழாயில் விட்ட பிறகும் உள்ளே சண்டை ஓய்வதில்லை. ரத்தத்தோடு வந்த பூச்சி மருந்து குழாய்க்குள்ளும் நொதியை முடக்கிக்கொண்டே இருக்கும். நொதியை மீட்பதற்காக ஏற்றிய மருந்தும் அதே குழாய்க்குள் மீட்டுக்கொண்டிருக்கும். எடுத்த உடனே குளிர்ந்த கரைசலில் நீர்க்கச் செய்து குளிரில் வைத்தால்தான், எடுத்த கணத்தின் நிலை அப்படியே நிற்கும். அரசு மருத்துவமனையின் நெரிசலில், காலை எட்டு மணிக்கு எடுத்த குழாய் மேசையில் கிடந்து பதினொரு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனால், சீட்டில் அச்சாவது நோயாளியின் நிலை அல்ல, குழாயின் நிலை. அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு குடும்பம் வராந்தாவில் நின்றிருக்கும்.

இலங்கையில் பூச்சி மருந்து குடித்து வந்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த மைக்கேல் எடில்ஸ்டன், ஆண்ட்ரூ டாசன், நிக் பக்லி போன்றோரும் இலங்கை மருத்துவர்களும் சேர்ந்து சொன்ன ஒன்று எனக்குப் பெரும் வியப்பு. நோயாளி கண் திறக்கிறாரா, கேட்டால் பதில் சொல்கிறாரா, சொன்னபடி கையைத் தூக்குகிறாரா என்று பார்த்துப் போடும் கிளாஸ்கோ மதிப்பெண், விஷத்தின் கடுமையை அளக்கவென்றே வகுக்கப்பட்ட விரிவான அளவுகோலுக்கு ஈடாக முடிவை ஊகித்தது. எந்த இயந்திரமும் வேண்டாம், கட்டிலருகே இரண்டு நிமிடம் நின்றால் போதும். அதுவும் முழு உண்மை அல்ல. கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டு மெதுவாக வெளிவரும் ஒரு மருந்தைக் குடித்தவர்கள், வந்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மோசமானார்கள்.

2005-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 802 பேர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பூச்சி மருந்துகள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின்படி மூன்றும் ஒரே ஆபத்து வகுப்பு. மனிதர்களிலோ, ஒன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள், இன்னொன்றைக் குடித்தவர்களில் 23 பேர். அவற்றின் பெயர்களை வேண்டுமென்றேதான் இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்தப் பெயர்கள் தெரிய வேண்டியது மருத்துவருக்கும், எதை விற்கலாம் என்று உரிமம் கொடுக்கும் அலுவலருக்கும்தான்.

ரத்தம் சொல்லாததை உடல் சொன்ன கதை ஒன்றும் இலங்கையிலிருந்து வந்ததுதான். 1987-இல் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இருவர் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் நாள் கண்டத்தைத் தாண்டிவிட்டார்கள், சளி வற்றிவிட்டது, குடும்பம் மூச்சு விட்டது. 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் நடுவில் திடீரென்று கழுத்துத் தளர்ந்தது, பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்தன. இந்தக் கட்டத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க நல்ல மருத்துவர் செய்வது என்ன தெரியுமா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார். தூக்க முடியவில்லை என்றால் வெண்டிலேட்டரைத் தயாராக வைப்பார். அந்த 10 பேருக்கு முன்னால் எத்தனை பேர், தேறிவிட்டார் என்று எழுதப்பட்ட பிறகு, இரவில் யாரும் பார்க்காமல் மூச்சு நின்று போனார்களோ.

*

இப்போது இந்தத் துறையில் கட்டுரைகள் குவிகின்றன. லாக்டேட், கிரியாட்டினின், ஆல்புமின், வெள்ளணுக்களில் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் உள்ள விகிதம், சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு சீரற்று இருக்கிறது என்பது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கும் இவற்றை வைத்து, யார் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார், யார் எத்தனை நாளில் வீடு திரும்புவார் என்று முன்கூட்டிச் சொல்லப் பார்க்கிறார்கள். சின்ன ஊரில் மலிவாகக் கிடைப்பதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்ற தேடலை நான் மதிக்கிறேன். அதிலும் லாக்டேட் பொருட்படுத்த வேண்டியது. திசுக்களுக்குப் பிராணவாயு போய்ச் சேருகிறதா, அல்லது சேர்ந்தும் பயன்படுத்த முடியாமல் தவிக்கின்றனவா என்பதை அது சொல்கிறது. ஒருமுறை எடுத்து விட்டுவிடாமல் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்தால்தான் அது முழுதாகப் பேசும்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை உடல் தாக்குண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன, எதனால் என்பதை அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளிடமிருந்து தன் கோட்டைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கோட்டை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்று யோசித்தால் மறுபடி அந்தப் பாரிஸ் கட்டுரைக்கே வந்துசேர்கிறேன். வெண்டிலேட்டர் உள்ள இடத்தில் உயிர் தப்பும் எண், இல்லாத இடத்தில் தப்புவதில்லை.

எண்களுக்குள்ளேயே ஒரு தரப் பிரிவு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவருக்கு, நான்கு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, ரூமாக், மேத்யூ இருவரும் 1975-இல் வரைந்த கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது, எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்பார். கோட்டுக்கு மேலே இருந்தால் அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றுகிறார்கள், கல்லீரல் காப்பாற்றப்படுகிறது. கெட்டது நடக்கும் முன்பே எச்சரித்து, செய்ய வேண்டியதையும் சொல்லிக் கொடுக்கும் எண் இது. இதற்கு மேல் ஓர் எண்ணிடம் என்ன கேட்க முடியும்?

இன்னொரு ஓரத்தில், முறிவு மருந்தே இல்லாத ஒரு களைக்கொல்லிக்கு 1979-இல் வரைந்த வளைகோடு இருக்கிறது. மணி நேரத்தையும் ரத்தத்தில் உள்ள அளவையும் வைத்துப் பிழைப்பாரா என்று சொல்லும். சொல்வதோடு சரி. ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார். மருத்துவருக்கு எண் தெரிந்திருக்கும். அந்த எண்ணால் ஒரு பயன்தான்: வலி தெரியாமல் வைத்துக்கொள்ளவும், வர வேண்டியவர்களை வரச் சொல்லவும் நேரம் கிடைக்கிறது. அது சிறிய பயன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்படி ஓர் எண் இருக்கிறது என்றால், வேலை நடக்க வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் எலி பேஸ்ட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் இருந்த மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் வயிற்றைப் புரட்டும், பிறகு ஓரிரு நாள் அமைதி. சரியாகிவிட்டது என்று குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு போய்விடும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். என்ற அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாதபோதே அது ஏறத் தொடங்கும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ரத்தநீரை மாற்றி ஏற்றிப் பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு நிலை வந்தால் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆள் நன்றாக இருக்கிறார் என்பதை நம்பி வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், தினமும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

*

எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். "பொழச்சிக்குவாளா சார்?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரம் ஒரு தகப்பன் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் வெண்டிலேட்டருக்கு ஆகும் பணம் அவருடைய பல வாரக் கூலி. வீட்டில் மிச்சம் இருக்கும் நகையை அடகு வைக்கலாமா, வைத்தால் பலன் உண்டா, மற்ற பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதைத்தான் அவர் கேட்கிறார். மருத்துவர் சீட்டைப் பார்த்து, "கஷ்டம்தான் பெரியவரே, நூத்துக்கு இருபது சான்ஸ் இருக்கு" என்றால், அந்த இருபது அந்த இடத்தில் மருத்துவத் தகவலாக இருப்பதில்லை, பணத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

அவர் மகளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அவள் வழியிலோ வீட்டிலோ இறந்துபோகிறாள். ஆய்வு செய்பவர் ஒன்று அவளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார், அல்லது இறந்தவர் பக்கத்தில் சேர்ப்பார். சேர்த்தால் அந்த எண்ணின் மரண விகிதம் இன்னும் ஒரு துளி ஏறும். அடுத்து அதே எண்ணோடு வரும் வேறொரு பெண்ணின் தகப்பனிடம் மருத்துவர் இன்னும் சற்று உறுதியாகக் கையை விரிப்பார். நம்பிக்கை இழந்ததால் நிறுத்திய சிகிச்சை, நம்பிக்கைக்கு இடமில்லை என்பதற்குச் சான்றாகி விடுகிறது. இந்தச் சுழலை யாரும் தீய எண்ணத்தோடு ஓட்டவில்லை. அவரவர் தங்கள் முன்னால் இருக்கும் தாளை நேர்மையாகத்தான் படிக்கிறார்கள்.

அதனால்தான் சிட்டகாங்கில் நடந்த ஒரு சோதனையை நான் திரும்பத் திரும்பப் பலரிடம் சொல்கிறேன். 2012-இல் வெளியானது. பூச்சி மருந்து குடித்தவர்களுக்குப் பழைய முறிவு மருந்து அட்ரோபின்தான். விலை குறைந்தது, எல்லா மருத்துவமனையிலும் இருப்பது. ஒரு பிரிவினருக்கு வழக்கம் போல விட்டு விட்டு ஊசி போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் காது வைத்துக் கேட்டு, சளிச் சத்தம் போகும்வரை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், பிறகு சொட்டு மருந்தாக விட்டுக் கூடவே இருந்து கவனித்தார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 22.5 பேர் இறந்தார்கள், இரண்டாவது பிரிவில் 8 பேர். புது மருந்து ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்றார்கள், கேட்டார்கள், கேட்டதற்கு ஏற்றபடி கொடுத்தார்கள். இரண்டு பிரிவினரின் ரத்தத்திலும் வந்தபோது என்ன இருந்ததோ அதை வைத்து யாராவது எதிர்காலம் கணித்திருந்தால், அந்தக் கணிப்பு எந்த வார்டுக்கு உரியது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே ரத்தத்தில் எழுதியிருக்கும் எண்ணை நான் இப்போது இப்படித்தான் படிக்கிறேன். விஷம் இதுவரை செய்தது ஒரு பாதி. இதற்கு முன்னால் இதே எண்ணோடு வந்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்பது மறுபாதி. முதல் பாதியை மாற்ற முடியாது. மறுபாதியைப் பாஸ்டனில் ஆட்டு ரத்தத்தாலும் சிட்டகாங்கில் ஸ்டெத்தாஸ்கோப்பாலும் மாற்றியிருக்கிறார்கள்.

மருத்துவமனைக்கு வெளியேயும் மாற்றியிருக்கிறார்கள். 1995-இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டு மிகக் கொடிய வகுப்புப் பூச்சி மருந்துகளில் எஞ்சியிருந்தவற்றை நிறுத்தினார்கள், 1998-இல் இன்னொன்றையும். 2005-க்குள் அந்த 47, 24 ஆகிவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, மருந்து குடிப்பவர்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை என்பது. துயரம் அதே அளவில் இருந்தது, சண்டைகளும் கடனும் குடியும் இருந்தன. கைக்கு எட்டிய பாட்டிலில் இருந்தது மட்டும் வேறாகியிருந்தது, அதனால் அவர்கள் மருத்துவமனைக்கு உயிரோடு வந்து உயிரோடு போனார்கள். இலங்கைக் கிராமங்களில் நஞ்சுண்டு பிழைத்தவர்களைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே யோசித்திருந்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்திருந்தார்கள். அரை மணி நேரம் என்பது ஒருவர் பேச்சுக் கொடுத்தால் கடந்துவிடும் நேரம்.

நம் பக்கத்திலும் சில வேலைகள் நடந்திருக்கின்றன. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பு, கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பவர்களுக்காக இன்றும் தொலைபேசியில் காத்திருக்கிறது. மத்திய அரசின் டெலிமனஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது. காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கர் போலப் பொதுவிடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எலி பேஸ்ட் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. இந்த ஒவ்வொன்றும் மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்தில் நாளை அச்சாகப் போகும் எண்களை இன்றைக்கே மாற்றிக்கொண்டிருக்கிறது.

தேறியவர்களுக்குக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விஷம் என்று மட்டும் இருக்கும், எந்த விஷம் என்று இருக்காது. பாட்டிலின் பெயரை யாரும் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள். கோலினெஸ்டரேஸ் எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பு இருக்காது. மனநல மருத்துவரை எந்தத் தேதியில், எந்த அறையில் பார்க்க வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் இருக்காது. ஒருமுறை உயிர் தப்பியவருக்கு அடுத்த சில மாதங்கள்தான் கூடுதல் கவனம் வேண்டிய காலம் என்பது எல்லா மருத்துவருக்கும் தெரிந்திருந்தும். இந்த மூன்று வரிகளை எழுத ஐந்து நிமிடம் ஆகும். பாட்டிலின் பெயரும் ரத்தம் எடுத்த நேரமும் எழுதப்பட்டால், எந்த மருந்தைக் கடையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அரசிடம் கேட்க நம் மாவட்டத்துக் கணக்கே கையில் இருக்கும். மூன்றாவது வரி எழுதப்பட்டால், வீடு திரும்பும் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர ஓர் அறையும் ஒரு தேதியும் இருக்கும்.